சிக்கனம் எங்கே தொடங்க வேண்டும்?

(மூன்றாமாண்டு பொருளியல் மாணவி ஒருவர்)

சிக்கனத்தைப் பற்றி நமக்கு அறிவுரை கூறாதவர் இல்லை. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பார் பாட்டி. ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்று பள்ளிக்கூடச் சுவரிலேயே எழுதியிருக்கும். ஆனால், அளந்து போடுவதற்கு முதலில் கையில் ஏதேனும் இருக்க வேண்டும் அல்லவா? கையில் காசில்லாதவர்கள்தாம் கடையில் அதிக விலை கொடுக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் கருத்து. இது விந்தையாகத் தோன்றலாம். கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

வருமானம் உயர உயர, அதில் உணவுக்குச் செலவாகும் பங்கு குறைந்துகொண்டே போகும் என்று 1857-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கல் கண்டு கூறினார். அந்த விதியை வகுப்பில் படித்தோம், தேர்விலும் எழுதினோம். 2023-24-ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் செலவாகும் நூறு ரூபாயில் ஏறத்தாழ 47 ரூபாய் உணவுக்குப் போகிறது. நகரங்களில் ஏறத்தாழ 40 ரூபாய். எங்கள் வீட்டில் எவ்வளவு என்று அறிய ஒரு நாள் மாலை மளிகைக் கடைப் பற்று நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூற்றுக்கு அறுபதைத் தாண்டியது!

அந்த நோட்டில் நான் கண்ட முதல் உண்மை இது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாரக் கூலி. ஆகவே எங்கள் வீட்டில் எதுவும் மொத்தமாக வருவதில்லை. நாள்தோறும் நூறு கிராம் துவரம் பருப்பு 18 ரூபாய். கிலோவாக வாங்கினால் 155 ரூபாய்க்குக் கிடைப்பதற்கு நாங்கள் கொடுத்தது 180 ரூபாய். எண்ணெய் நூறு மில்லி 24 ரூபாய். லிட்டராக வாங்கினால் 195 ரூபாய்க்குக் கிடைப்பதற்கு நாங்கள் கொடுத்தது 240 ரூபாய். மாதம் மூன்று கிலோ பருப்புக்கும் இரண்டு லிட்டர் எண்ணெய்க்கும் 1,020 ரூபாய் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது உண்மை, கடனின் விலை. பற்று நோட்டில் வட்டி என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் 2,200 ரூபாய் பாக்கி நிற்கும்போது வேறு கடைக்குப் போக முடியாது. எடை குறைந்தால் கேட்க வாய் வராது. வண்டு விழுந்த பருப்பைத் திருப்பிக் கொடுக்கக் கால் வராது. கடைக்கார அண்ணாச்சியை நான் குறை கூறவில்லை. வேலையில்லாத மழைக்காலங்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அவரால்தான். அவரும் மொத்த வியாபாரிக்குக் கடன்பட்டவர்தாம். ஆனால் உதவிக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை நோட்டில் எழுதப்படுவதில்லை.

மூன்றாவது உண்மை நோட்டில் எழுதப்படாதது. எங்கள் வீட்டில் நால்வர். முட்டை வாங்கும் நாளில் மூன்று முட்டைதான் வாங்குவது வழக்கம். ‘எனக்கு முட்டை பிடிக்காது’ என்பார் அம்மா. இருபது ஆண்டுகளாக நான் அதை நம்பியிருந்தேன். மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் அம்மாவுக்குப் ‘பிடிக்காத’ பண்டங்கள் சில இருக்கும். அவற்றின் விலையை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். நம் குடும்பங்களில் சிக்கனம் என்று பெயர் பெற்றிருப்பது பெரும்பாலும் தாயின் வயிற்றில் கைவைப்பதே ஆகும். அதைச் சிக்கனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பின் வழி என்ன? ஒரு மாதத்துப் பொருளை முன்கூட்டி வாங்கும் அளவுக்கு ரொக்கம் வேண்டும். எல்லாப் பொருளுக்கும் ஒரே நாளில் அது இயலாது. ஒன்றிரண்டு பொருள்களுக்கு இயலும். 2022-இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தின்படி எனக்கு மாதம் 1,000 ரூபாய் வந்தது. ஒரு மாதத் தொகையைப் பருப்புக்கும் எண்ணெய்க்கும் என்று ஒதுக்கினேன். முதலில் நியாய விலைக் கடைக்குப் போனேன். 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய். ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். எங்கள் அட்டைக்கும் அது உண்டு. ஆனால் சரக்கு வரும் நாளில் வேலையை விட்டு வரிசையில் நின்றால் அம்மாவுக்கு அன்றைய கூலி போய்விடும் என்பதால் பல மாதங்கள் வாங்காமலே விட்டிருந்தோம். இப்போது அந்த வரிசையில் நான் நின்றேன். மீதி இரண்டு கிலோ பருப்பையும் ஒரு லிட்டர் எண்ணெயையும் முழு அளவில் ரொக்கத்துக்கு வாங்கினேன். மொத்தச் செலவு 560 ரூபாய். மிச்சம் 460 ரூபாய். இதில் 365 ரூபாய் நியாய விலைக் கடையால் மிஞ்சியது. 95 ரூபாய் மொத்தமாக வாங்கியதால் மிஞ்சியது.

வாரக் கூலி வந்ததும், வழக்கமாக இவ்விரு பொருள்களுக்கும் ஆகும் பணத்தை அம்மா கடுகு டப்பாவில் போட்டு வைத்தார். மாத முடிவில் அதில் 560 ரூபாய் அடுத்த மாதச் சரக்குக்கு. 460 ரூபாய் பழைய பாக்கிக்கு. ஐந்தாவது மாதம் பற்று நோட்டில் கோடு போட்டு அண்ணாச்சி கையெழுத்திட்டார். ‘இனியும் வந்து வாங்கு தாயி’ என்றார். வாங்குகிறோம், இப்போது எடையைப் பார்த்து வாங்குகிறோம்.

இனி, அனுபவத்தில் கற்ற சில செய்திகள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று எண்ண வேண்டாம். சில பொருள்களில் சிறு பொட்டலமே மலிவாக இருக்கிறது. பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் பத்து ரூபாயாகவே இருக்க, உள்ளே எடை மட்டும் குறைவதும் உண்டு. விலையை எடையால் வகுத்துப் பார்ப்பதுதான் வழி. 2021-இல் திருத்தப்பட்ட பொட்டலப் பொருள் விதிகள் கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அச்சிடச் சொல்கின்றன. அதைத் தேடிப் படியுங்கள். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேலே வாங்கத்தான் தடை. கீழே கொடுக்கத் தடையில்லை. காய்கறிக்கு, 1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட உழவர் சந்தைகளின் வழியில், விளைவித்தவரிடமே வாங்குவது இரு தரப்புக்கும் நன்று. பட்டியல் எழுதாமல் கடைக்குள் நுழையாதீர்கள். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது வேண்டாத பொருளை இரண்டாக வாங்கச் செய்யும் உபாயம்.

தனி ஒரு குடும்பத்தால் ஆகாதது பலர் சேர்ந்தால் ஆகும். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்கள் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் தங்கள் சிறு சேமிப்பைத் திரட்டி ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பொருள்களே இருந்த கடை. கலப்படம் கூடாது, எடை குறையக் கூடாது, கடன் கூடாது என்பவை அவர்கள் விதிகள். 1904-இல் நம் சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியதும் அந்த மரபில்தான். நம் தெருவில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு மூட்டை பருப்பை மொத்தக் கடையில் வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் அதுவும் கூட்டுறவே. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இதை ஒரு தெருவிலேனும் தொடங்கி வைக்கலாகாதா? ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

இது பெண்களின் வேலை என்று மாணவ நண்பர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. நியாய விலைக் கடை வரிசையில் நிற்கவும், கிலோ விலையைக் கணக்கிடவும் ஆணுக்கும் இயலும். பட்டப்படிப்புக் கணிதம் அதற்குத் தேவையில்லை.

கடன் தீர்ந்த வாரம் நாங்கள் நான்கு முட்டை வாங்கினோம். அம்மா வழக்கம்போல் ‘எனக்குப் பிடிக்காது’ என்றுதான் தொடங்கினார், ஆனால் சாப்பிட்டார். ஒரு வீட்டில் நடப்பது சிக்கனமா, பட்டினியா என்று அறிய எனக்குத் தெரிந்த அளவுகோல் அது ஒன்றே. சமைத்தவரின் தட்டை முதலில் பாருங்கள். கணக்கு நோட்டைப் பிறகு பார்க்கலாம்.