ரைன் அருவியும் நம்ம ஒகேனக்கல்லும்

போன வாரம் வங்கி வாசலில் என்னோடு வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவரைப் பார்த்தேன். பத்து நாள் ஐரோப்பா டூர் போய் வந்திருக்கிறார். கைபேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். சுவிட்சர்லாந்தின் ரைன் அருவி வந்ததும் நிறுத்தி, "சார், இதையெல்லாம் பார்த்தப்புறம் ஒகேனக்கல் எல்லாம் ஒரு அருவியா சார்?" என்றார். பென்ஷன் வரிசையில் நின்றுகொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதை கொஞ்சம். அப்பாவுக்குக் காரைக்காலில் கடைக் கணக்கு வேலை. ஆகவே பன்னிரண்டு வயது வரை நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் பூகோளப் புத்தகம் முழுக்க பிரான்ஸ்தான். லுவார், கரோன், ரோன், ரைன் என்று நதிகளை மனப்பாடமாக ஒப்பிப்போம். பள்ளிக்கு அந்தண்டை ஓடும் அரசலாறு காவிரியின் கிளை என்று யாரும் சொல்லித் தரவில்லை. பிரெனே மலையில் இருக்கும் கவார்னி அருவியின் படம் ஒன்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. 422 மீட்டர் உயரம். அந்த எண் இன்னும் மறக்கவில்லை. அப்பா காலமானதும் அம்மாவின் ஊரான பாலக்கோடு வந்தோம். தமிழ்ப் பள்ளி, எஸ்.எஸ்.எல்.சி., சர்க்கார் உத்தியோகம். எழுத்தராகச் சேர்ந்த பிறகுதான் ஒகேனக்கல்லை முதன்முதலில் பார்த்தேன். காரைக்காலில் நான் கால் நனைத்த தண்ணீர் இந்தப் பாறையில் விழுந்து வந்த தண்ணீர் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ரைன் அருவியையும் நான் பார்த்திருக்கிறேன். மகள் குடும்பம் ஸ்ட்ராஸ்பூரில் இருந்தபோது, 2014 ஜூலையில் காரில் அழைத்துப் போனார்கள். ஷாஃப்ஹவுசன் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் பெரிய தோரணையோடு பிரெஞ்சில் டிக்கெட் கேட்டேன். அங்கே எல்லாரும் ஜெர்மன் பேசுகிறவர்கள், மாப்பிள்ளை வந்து காப்பாற்றினார். கோட்டைப் பக்கமிருந்து படிக்கட்டில் இறங்கினால் அருவிக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்கலாம். படகில் ஏறினால் நடுவில் நிற்கும் பாறைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். பாறையின் உச்சிவரை படி இருக்கிறது. முழங்கால் வலியோடு ஏறினேன், ஏறியது வீண் போகவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். எழுத்தர் புத்தி போகாது. ரைன் அருவியின் உயரம் 23 மீட்டர், அகலம் 150 மீட்டர். கோடையில் சராசரியாக விநாடிக்கு 600 கன மீட்டர் தண்ணீர். நம் கணக்கில் சுமார் 21,000 கன அடி. அங்கே பதிவான அதிகபட்ச வெள்ளம் 1965-ல், 1,250 கன மீட்டர். அதாவது சுமார் 44,000 கன அடி. ஒகேனக்கல்லில் 2018 ஆகஸ்ட்டில் வந்தது 2 லட்சம் கன அடி! ஆக, தண்ணீரின் அளவை வைத்து நண்பர் என்னை மடக்க முடியாது.

ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ரைனுக்கு மேலே ஆல்ப்ஸ் பனியும் கான்ஸ்டன்ஸ் ஏரியும் இருப்பதால் அது எந்த மாதமும் வற்றுவதில்லை. நம் அருவியோ கோடையில் ஆயிரம் கன அடிக்கும் கீழே போய், பாறை எல்லாம் எலும்பு மாதிரி தெரியும். அந்தப் பாறையும் லேசுப்பட்டதல்ல. கார்பனடைட் என்ற அபூர்வ வகை, 240 கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள். அதன் பக்கத்தில் 'இந்தியாவின் நயாகரா' என்று போர்டு வைப்பதில்தான் எனக்குக் கோபம். கேரளத்து அதிரப்பள்ளிக்கும் அதே பட்டம், சத்தீஸ்கரின் சித்ரகூட்டுக்கும் அதே பட்டம். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. புகையும் பாறை என்று இவ்வளவு அழகான சொந்தப் பெயர் இருக்க, இரவல் பெயர் எதற்கு?

ஐரோப்பாவில் பார்க்கத் தகுந்த அருவி எது என்று கேட்கும் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அங்கே இருந்து, கால் ஒத்துழைத்தால் ரைனும் கவார்னியும் பாருங்கள். ஐஸ்லாந்தின் குல்ஃபோஸ் நான் பார்த்ததில்லை. ஆனால் அதில் மின்சாரத் திட்டம் வரக்கூடாது என்று சிக்ரிதுர் என்ற விவசாயி மகள் போராடிய கதைக்காகவே அதன்மேல் எனக்கு மரியாதை. குரோவேஷியாவின் கிர்கா அருவியில் 2021 முதல் குளிக்கத் தடை. பாறையும் தண்ணீரும் கெடுகிறது என்று நிறுத்திவிட்டார்கள். நம் ஊரிலும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நமக்கு அருவி என்றால் தலையில் விழ வேண்டும். எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்கிறவர், மீன் வறுக்கும் அம்மா, பரிசல்காரர் எல்லாருக்கும் அதில்தான் சோறு. ஷாம்பு பாக்கெட்டைத் தடுத்தால் போதும், மனுஷனைத் தடுக்க வேண்டாம்.

நான் உண்மையில் சொல்ல வந்தது இத்தாலியின் மார்மோரே அருவி பற்றி. அதுவும் புத்தகத்தில் படித்ததுதான். கி.மு. 271-ல் ரோமானியர்கள் கால்வாய் வெட்டி உண்டாக்கிய அருவி, 165 மீட்டர். இன்று அந்தத் தண்ணீர் மின் உற்பத்திக்குப் போகிறது. குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் அருவியில் திறந்து விடுகிறார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு என்ற அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். திறப்பதற்கு முன் சங்கு ஊதும்.

நம் அருவியும் ஒரு வகையில் அப்படித்தானே? அதன் சாவி கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் இருக்கிறது. அங்கே மதகு தூக்கினால் தண்ணீர் பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு இங்கே வருகிறது. எவ்வளவு வருகிறது என்பது அதிகாரிகளுக்கு முன்பே தெரிகிறது. குளிக்கத் தடை, பரிசல் இயக்கத் தடை என்று அறிவிக்கிறார்கள், பத்திரிகையிலும் வருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தடை வேண்டியதுதான். ஆனால் அந்தச் செய்தி, சேலத்திலும் திருப்பத்தூரிலும் விடியற்காலையில் பஸ் ஏறும் குடும்பத்துக்குப் போய்ச் சேருகிறதா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், எண்பதுகளில் நான் ஒரு அலுவலகத்தில் இருந்தபோது இறப்பு அறிக்கைகள் என் மேஜை வழியாகப் போகும். ஆற்றில் மூழ்கி இறந்தவர்கள். சில வருஷம் கழித்து எனக்கே ஒன்று விளங்கியது. அந்தக் காகிதங்களில் மெயின் அருவி என்று இடம் போட்டது அபூர்வம். கம்பி கட்டிக் காவல் போட்ட இடம் அது. மேலேயோ கீழேயோ, பேரே இல்லாத ஒரு கரை, ஒரு மடு என்றுதான் இருக்கும். அருவியில் குளிக்க விடவில்லை என்றதும் அங்கே போனவர்கள். இவ்வளவு தூரம் செலவு பண்ணி வந்துவிட்டோம், சும்மா திரும்பினால் குழந்தைகள் அழும், கொஞ்சம் கால் நனைத்துவிட்டுப் போவோம் என்று இறங்கியவர்கள்.

ஒரு தகப்பனார் சான்றிதழுக்காக வந்திருந்தார். மகனுக்குப் பதினேழு வயது. என் மேஜை மேல் பையிலிருந்து காகிதங்களை எடுத்து வைத்தார். அதில் அன்றைய பஸ் டிக்கெட்டுகளும் இருந்தன, ஐந்து டிக்கெட். தேவையில்லை ஐயா என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை மடித்து மறுபடியும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அருவி மூடியிருக்குன்னு பஸ் ஸ்டாண்டுலயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தீர்த்தமலைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனுங்க" என்றார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆடிப்பெருக்குக் கூட்டத்தைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு அந்த ஐந்து டிக்கெட்தான் ஞாபகம் வருகிறது.

இப்போது எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் காவிரிச் செய்தியில் 'நீர்வரத்து 16 ஆயிரம் கன அடி' என்று போட்டால், அது குளிக்கலாமா கூடாதா என்று சாதாரண மனிதனுக்கு எப்படித் தெரியும்? என் யோசனை சின்னது. தருமபுரி, பென்னாகரம், சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் பேருந்து நிலையங்களில் ஆளுக்கொரு கரும்பலகை. தினமும் காலை ஐந்து மணிக்கு இரண்டே வரி எழுத வேண்டும்: இன்று அருவியில் குளிக்கலாமா, பரிசல் ஓடுகிறதா. ஒகேனக்கல் பஸ்ஸின் கண்டக்டர் அதையே ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதற்கு ஜப்பான் கடன் வேண்டாம். (ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கு அது தேவைப்பட்டது. 2013-ல் அது வந்த பிறகுதான் புளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறுத்த நம் கிராமங்களுக்கு விடிவு பிறந்தது, அது வேறு கதை.) ஒரு பெட்டி சாக்பீஸ் போதும்.

அதோடு ஊட்டமலை, ஆலாம்பாடி மாதிரி காவலில்லாத கரைகளில் தடை நாட்களில் மட்டுமாவது ஆள் நிற்க வேண்டும். ஆளுக்கு எங்கே போவது என்றால், தடை நாட்களில் வேலையில்லாமல் கரையில் உட்கார்ந்திருக்கும் பரிசல்காரர்கள் இருக்கிறார்களே! அந்த ஆற்றின் சுழியும் ஆழமும் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? தினக்கூலி கொடுத்து நிறுத்தினால் அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியும்.

இதை ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். ரைன் அருவி படம் காட்டிய நண்பரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். உடன் வர விரும்பும் நண்பர்கள் காலை பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிடுங்கள், டீ என் செலவு.