பாசுமதிக்கு வாசல், பொன்னிக்குப் பூட்டு

ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து, நம்பர் ஒன் டோல்கேட்டைத் தாண்டினால் மண்ணச்சநல்லூர். வாய்க்கால் பாசன வயல்களும் அரிசி ஆலைகளுமாகச் சேர்ந்து ‘மண்ணச்சநல்லூர் பொன்னி’ அரிசிக்குப் பெயர் வாங்கிய ஊர். சிங்கப்பூர், மலேசியாத் தமிழர்கள் தேடி வாங்குவது இந்தப் பொன்னியைத்தான்.

2023 ஜூலை 20 அன்று, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. ஆகஸ்ட் 25 அன்று புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. பச்சரிசிப் பொன்னிக்குப் பூட்டு, புழுங்கல் பொன்னிக்குச் சுங்கம். பாசுமதிக்கோ டன்னுக்கு 1,200 டாலர் என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலை மட்டுமே. எதிர்ப்பு கிளம்பியதும் அதுவும் 950 டாலராக இறங்கியது. பாசுமதி விவசாயி பிழைத்ததில் நமக்கு வருத்தமில்லை. அந்த இரக்கம் காவிரிக்கரைக்கு ஏன் வரவில்லை? அதே ஆண்டில் அக்டோபரிலேயே மேட்டூர் அணை மூடப்பட்டது. தண்ணீரும் இல்லை, சந்தையும் இல்லை என்று நின்றவர்கள் நம் சம்பா விவசாயிகள்.

ஓராண்டில் அரிசியின் சில்லறை விலை 11.5 சதவீதம் ஏறியதை அரசு காரணம் காட்டியது. வாங்கிச் சாப்பிடும் ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலையில் அரிசி கிடைக்க வேண்டும். இதை நாமும் சொல்கிறோம். ஆனால் அன்று மத்தியத் தொகுப்பில் இருந்த அரிசி, ஜூலைக்குரிய இருப்பு வரம்பான 135 லட்சம் டன்னைவிட வெகு அதிகம். அதை வெளிச்சந்தையில் தாராளமாக இறக்கியிருக்கலாம். விலை குறைப்பின் சுமையை விளைவித்தவன் தலையில் ஏற்றியது தவறு.

உலக அரிசி வணிகத்தில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. நாம் கதவை அடைத்ததும் தாய்லாந்து, வியட்நாம் அரிசி டன்னுக்கு 600 டாலரைத் தாண்டியது. நம் குருணையை நம்பியிருந்த செனகல், பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது. குருணைக்கு 2022 செப்டம்பரிலேயே தடை. பிறகு வெள்ளை அரிசியைக் கேமரூனுக்கு 1.9 லட்சம் டன், மலேசியாவுக்கு 1.7 லட்சம் டன், சிங்கப்பூருக்கு 50,000 டன் என்று கேட்டவர்களுக்கு அளந்து கொடுத்தோம். 2024 செப்டம்பரில் வெள்ளை அரிசிக்குக் கதவு திறந்தது. அடுத்த ஆண்டு உலக விலை சரிந்தது. தன் விவசாயியைக் காக்க, 2025 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் இறக்குமதியையே நிறுத்திவைத்தது.

உலக வர்த்தக அமைப்பில் நம் கொள்முதல் ஆதரவை 1986–88 விலையை வைத்து அளக்கிறார்கள். அது அநியாயம் என்று இந்தியா வாதாடுவது முற்றிலும் சரி. அந்த வாதத்துக்கு வளரும் நாடுகளின் துணை வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக அவர்களின் சோற்றை நிறுத்திவிட்டு அந்தத் துணையை எப்படிக் கேட்பது?

இனிமேல் கட்டுப்பாடு வந்தால், பாசுமதிக்குத் தந்த குறைந்தபட்ச ஏற்றுமதி விலை முறையைப் பொன்னிக்கும் தர வேண்டும். தடையோ வரியோ தவிர்க்க முடியாதென்றால், மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே அறிவிக்க வேண்டும். சம்பாவுக்கு நாற்று விடுவதா, வேறு பயிருக்குப் போவதா என்று லால்குடி விவசாயி முடிவெடுக்க அப்போதுதான் அவகாசம் இருக்கும்.