பீசோ விளக்கும் மீரியபெத்தையும்



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர்கள் பொறுமையாக வாசிக்கவும்.

போன கிழமை எங்கள் பிள்ளைகள் செய்த "தட்டினால் எரியும் விளக்கு" வீடியோவைப் பலர் பகிர்ந்திருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அதோடு ஒரு வரியும் சேர்ந்து சுற்றுகிறது: "கொஸ்லந்த மாணவர்கள் மண்சரிவு அலாரம் கண்டுபிடித்தார்கள்." அது உண்மையில்லை. சும்மா விட்டுவிடக்கூடிய பொய்யும் இல்லை.

நாங்கள் செய்தது இதுதான். பழைய பஸரைக் கழற்றினால் உள்ளே வட்டமான பீசோ தகடு இருக்கும். அதை விரலால் தட்டினால் பல வோல்ட் வரும். மேசைக்குப் பக்கத்தில் ஒருவர் நடந்தால் வருவது சில மில்லிவோல்ட் மட்டும். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்துத்தான் வாசிக்கும். ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். அதற்குக் குறைந்தது அதன் கண்ணுக்கே தெரியாது. ஆகவே இடையில் ஒரு விரியலாக்கி வேண்டும்.

முதலில் கடையில் கிடைத்த எல்எம் 358ஐப் போட்டோம். 100 கிலோஓம், 1 கிலோஓம் தடையிகள், 101 மடங்கு. விளக்கு எரிந்தது, அணையவே இல்லை! தகட்டுக்குக் குறுக்கே நாங்கள் போட்டிருந்த ஒரு மெகாஓம் தடையியில் அந்தச் சில்லின் சொந்த உள்ளீட்டு மின்னோட்டமே பத்துக்கணக்கான மில்லிவோல்ட்டை உண்டாக்க, அதுவும் 101 மடங்காகியிருந்தது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது. பிறகு எம்சிபி 6002 போட்டோம், சரியானது. பலமாகத் தட்டினால் சில்லு பழுதாகாமலிருக்க 5.1 வோல்ட் சேனர் ஒன்றும் வைத்தோம்.

பிள்ளைகள் அந்த இரண்டு நாளில் படித்ததுதான் எங்களுக்குப் பெரிது. விரியலாக்கி நல்லது கெட்டது பார்க்காது, வந்ததையெல்லாம் பெருக்கும். லொறி போனாலும் எரியும், நாய் ஓடினாலும் எரியும்.

இதை லயத்துக்குப் பின்னால் கட்டித் தர முடியுமா என்று ஒரு தகப்பன் கேட்டார். முடியாது என்றோம். பீசோ தகடு சட்டென்று வரும் அதிர்வுக்குத்தான் மின்னழுத்தம் தரும். மலை சரியுமுன் மண் மெதுவாக நகரும், நிலம் வெடிக்கும், மரம் சாயும். அந்த மெதுவான அசைவில் பிறக்கும் மின்னேற்றம் தடையி வழியே கசிந்து போய்விடும். ஆயிரம் மடங்கு பெருக்கினாலும் இல்லாததைப் பெருக்க முடியாது. விளக்கு எரியவில்லையே என்று ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்கினால்?

2014 ஒக்டோபர் 29 காலையை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது மீரியபெத்தையில் லயங்கள் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. அன்று குறைவாக இருந்தது சென்சர் அல்ல, போய் இருக்க ஓர் இடம்.

சென்சர் ஆசை உள்ளவர்களுக்கு எங்கள் யோசனை மழைமானி. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும் என்கிறது. பக்கங்கள் நேராக உள்ள போத்தலும் அடிமட்டமும் போதும், கரண்ட் வேண்டாம். ஆனால் நிலம் வெடித்தாலோ, ஊற்றுத் தண்ணீர் கலங்கினாலோ அளவு பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இறங்கிவிட வேண்டும்.

அந்த வீடியோவின் தலைப்பை மாற்றிவிடுங்கள். வெறும் போத்தல்கள் இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள், லயத்துக்கு ஒன்றாகச் செய்வோம்.