ஃபார்மட் பண்ணு, ஃபார்மட் பண்ணுன்னு...

மக்களே, இது ஒரு கடுப்புப் பதிவு.

வீட்டுல 300 எம்பிபிஎஸ் இணைப்பு. வைஃபையில லேப்டாப்புக்கு 280 வருது. கேபிள்ல இருக்கிற டெஸ்க்டாப் மட்டும் 94-ஐத் தாண்டவே மாட்டேங்குது. கனெக்‌ஷன் கொடுத்த ஆசாமி வந்தார். ரெண்டு நிமிஷம்கூட ஆகல, "வைரஸ் சார், ஃபார்மட் பண்ணிடுங்க"ன்னுட்டார்.

ஏங்க, வைரஸுக்கு தினமும் கரெக்டா 94-ல நிக்கத் தெரியுமா?

100 எம்பிபிஎஸ் லிங்க்ல உண்மையில கைக்கு வர்றதே கிட்டத்தட்ட 94தான். அந்த நம்பரே கேபிளைப் பாருன்னு கத்துது. விண்டோஸ்ல ஈதர்நெட் ஸ்டேட்டஸைத் திறந்தேன். ஸ்பீடு: 100. கேபிள் முனையைப் பார்த்தா, எட்டு கம்பியில நாலுதான் கிரிம்ப் பண்ணியிருக்கு! 100-க்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். குறைஞ்சா பெரும்பாலும் சத்தமில்லாம 100-க்கு இறங்கிடும், எந்த எர்ரரும் வராது. அந்த கிரிம்பிங் யாரோடதுன்னு நினைக்கறீங்க? அதே ஆசாமியோடதுதான்!

எட்டு கம்பியும் உள்ள புதுக் கேபிள் மாட்டினேன். 290.

அவர் பேச்சைக் கேட்டு ஃபார்மட் பண்ணியிருந்தா, பத்து வருஷ போட்டோ போயிருக்கும். ஸ்பீடு அதே 94-லதான் நின்னுருக்கும். தெரியலைன்னு சொல்றது கேவலமில்லீங்க. தன் தப்பை அடுத்தவன் கம்ப்யூட்டர் தலையில கட்டறதுதான் கேவலம்.

டிஸ்கி: ஒரே ஒரு மெஷின் மட்டும் மெதுவா இருந்தா, முதல்ல கேபிளை மாத்திப் பாருங்க. ஃபார்மட் கடைசி.