இணைப்பது இருவர் பொறுப்பு

1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நடுவே இருந்த தூக்குப்பாலத்துக்கு இரண்டு பாதிகள். கப்பல் கடந்ததும் இரு பக்கத்திலிருந்தும் அவை இறங்கி, நடுவில் சரியாகப் பொருந்திய பிறகே ரயிலுக்கு வழி கிடைத்தது. ஒரு பாதி மட்டும் ஒழுங்காக இறங்கினால் போதாது.

பலர் சேர்ந்து மென்பொருள் எழுதும் இடத்திலும் இதே நிலைதான். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்ற கருவி, ஒவ்வொருவரும் ‘கிளை’ எனப்படும் தனிப் பிரதியில் வேலை செய்யவும் பிறகு முதன்மைக் கிளையில் சேர்க்கவும் வழி செய்கிறது. இணைக்கும்போது அது இரு கிளைகளும் பிரிந்த இடத்தைத் தேடி, அதற்குப் பின் யார் எதை மாற்றினார்கள் என்று ஒப்பிடுகிறது. ஒருவர் மட்டும் மாற்றிய வரியைத் தானே ஏற்றுக்கொள்கிறது. ஒரே வரியை இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால், இரண்டையும் காட்டி முடிவை நம்மிடம் விட்டுவிடுகிறது.

எப்போது இணைப்பது என்பதில் இரு கருத்துகள் உண்டு. வேலை முழுமையாகும்வரை தனிக் கிளையிலேயே இருக்கட்டும் என்பது ஒன்று. அரைகுறை மாற்றத்தால் எல்லாருடைய வேலையும் நின்றுவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. தினமும் இணைத்துவிட வேண்டும் என்பது இன்னொன்று. பிரிவு நீள நீள முரண்பாடும் பெருகும் என்ற அனுபவம் அதன் பின்னால் உள்ளது. இரண்டிலும் நியாயம் உண்டு. கிளையைச் சிறிதாக வைத்துக்கொண்டு, முதன்மைக் கிளையின் மாற்றங்களை அடிக்கடி தன் கிளைக்குள் கொண்டுவந்து சோதித்தால் இரு கவலைகளும் குறையும்.

தமிழில் வேலை செய்வோருக்குக் கூடுதல் கவனம் தேவை. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டு வடிவங்களும் ஒன்றே. கிட்டுக்கு அவை வேறு வேறு. மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒரே சொல்லுக்கு ஒருவர் ‘உள்நுழை’ என்றும் மற்றவர் ‘புகுபதிகை’ என்றும் எழுதியிருந்தால், எது நிற்க வேண்டும் என்று எந்தக் கருவியும் சொல்லாது. குறியாக்க முறையையும் கலைச்சொல் பட்டியலையும் குழு முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

முரண்பாடு காட்டாததால் மட்டும் ஓர் இணைப்பு பிழையற்றது என்று பொருளல்ல. அதனால் இணைக்கும் முன் இன்னொருவர் மாற்றத்தைச் சரிபார்ப்பது வழக்கம். அவர் தாமதிக்கிறார் என்று எழுதியவர் வருந்துவது இயல்பே. புதிய பாம்பன் பாலத்தை 2024 நவம்பரில் ஆய்வு செய்த ரயில்வே பாதுகாப்பு ஆணையரும் சில குறைகளைச் சுட்டிக்காட்டினார். பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. குறை சொல்பவரும் அதே பாலத்தில் ரயில் ஓட வேண்டும் என்று விரும்புபவர்தான். அதேபோல், காரணமில்லாமல் காக்க வைக்காதிருப்பது சரிபார்ப்பவரின் கடமை.

எனவே, அடுத்த முறை ஒரே வரியில் இரு மாற்றங்கள் மோதினால், மற்றவர் எழுதியதை அழிக்கும் முன் அவரை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். அந்த வரியை அவர் ஏன் மாற்றினார் என்பது அவருக்குத்தான் தெரியும்.