டிரைவரும் தூங்க வேண்டும்

இலங்கைக்குச் சுற்றுலா செல்லும் குடும்பங்கள், டிரைவருடன் வாடகைக் கார் அமர்த்துவது வழக்கம். வாடகையைப் பேசி முடித்தால் போதுமா? போதாது.

பெட்ரோல் செலவு யாருடையது? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? டிரைவரின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு? இவற்றை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு தகராறு இராது.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் சுமார் 75 கிலோமீட்டர்தான். ஆனால் மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. "இன்னும் ஓர் இடம் பார்த்துவிடலாம்" என்று இருட்டிய பிறகும் ஓட்டச் சொல்வது தவறு.

சில ஓட்டல்களில் டிரைவர்களுக்குத் தனி அறை உண்டு, சிலவற்றில் இல்லை. இல்லாத இடத்தில் அவர் காரிலேயே படுக்க நேரும். தூங்காத டிரைவரின் கையில்தான் மறுநாள் குழந்தைகளின் உயிர் இருக்கிறது. அவருடைய படுக்கைக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவு அல்ல.