தகட்டை மாற்றியதை மறைக்காதே!

மெல்பர்னின் பிராட்மெடோஸ் ஆலையில் 1971இல் ஃபோர்டு தயாரித்த ஃபால்கன் ஜி.டி.-எச்.ஓ. ஃபேஸ் த்ரீ கார்கள் மொத்தமே 300. அவற்றில் ஒன்று 2018இல் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டி ஏலம் போனது. அக்காலத்துச் சாதாரண ஃபால்கனுக்கும் இதற்கும் கூடு ஏறக்குறைய ஒன்றுதான். எஞ்சினை மாற்றலாம், பக்கவாட்டு அலங்காரக் கோடுகளை வரைந்துகொள்ளலாம். இரு கார்களையும் பிரித்துக் காட்டுவது பானட்டுக்குள் ரிவெட் அடித்த சின்ன அடையாளத் தகடு. அதிலேயே கைவைப்பவர்களையும், தெரிந்தே வாய்மூடி விற்கும் தரகர்களையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

தகட்டைக் கழற்றியவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்லர். துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுக்கும்போதோ பெயின்ட் அடிக்கும்போதோ அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நேர்மையான காரணம் இருக்கிறதல்லவா, அதை எழுதிவைப்பதில் என்ன தயக்கம்? ஆனால் காரைப் பார்த்தால், ஆலை அடித்த ரிவெட்டுக்குப் பதில் கடைச்சரக்கு ரிவெட் பளபளக்கிறது. தகடு சொல்லும் வண்ணக் குறியீடு ஒன்று, டேஷ்போர்டுக்கு அடியில் சுரண்டினால் தெரியும் பழைய வண்ணம் வேறு. விற்பவரைக் கேட்டால் "வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்கிறார். இது பதிலா?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் குற்றவியல் சட்டம் வாகன அடையாளங்களைச் சிதைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் 17 இலக்க அடையாள எண் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 1989இல். அதற்கு முந்தைய கார்களுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு எண்முறை. நாட்டின் பிணையச் சொத்துப் பதிவேட்டில் தேடினால் கடன் பாக்கியும் திருட்டுப் புகாரும் தெரியும். தகடு எப்போது, ஏன் மாறியது என்பது தெரியாது. ஃபோர்டு 2016இலும் ஹோல்டன் நிறுவனம் 2017இலும் ஆஸ்திரேலியாவில் உற்பத்தியை நிறுத்திவிட்டன. இனி இந்தக் கார்கள் புதிதாக வரப்போவதில்லை; ஆனால் போலிகள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம்.

எண் பொறித்த நகல் தகடுகளின் விற்பனையை எல்லா மாநிலங்களும் தடுக்க வேண்டும். தகடு மாற்றம் ஒவ்வொன்றும் பழைய தகட்டின் புகைப்படத்தோடு வாகனப் பதிவில் ஏற வேண்டும். பழைய தகடு காரோடே கைமாற வேண்டும். ஏல நிறுவனங்கள் இதற்குச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தகடு மாறிய கார் என்றால், அதை அடுத்த ஏலப் பட்டியலிலேயே, விலைக்கு மேலே, அதே அளவு எழுத்தில் அச்சிடட்டும்.